பட்டாசுப் பட்டியலும் பறிபோகும் பணமும்

புரட்டாசி பிறந்து, தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்னும்போதே, கைபேசியைத் திறக்கும் தமிழர் கண்ணில் பட்டாசு விளம்பரங்கள் படத் தொடங்கிவிடுகின்றன. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் காணொளிகளின் நடுவிலும் வந்து நிற்கும் அந்த விளம்பரங்களில் சிவகாசி என்னும் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். புஸ்வாணமும் சங்குச் சக்கரமும் ஆயிரம் வாலாவும் நிறைந்த கிஃப்ட் பாக்ஸ் ஒன்றின் படம் இருக்கும். கடைத்தெருவில் ஐயாயிரம் ரூபாய் பெறுமான சரக்கு இரண்டாயிரத்துக்குக் கிடைப்பதாகவும், அந்தச் சலுகை இன்று இரவோடு முடிந்துவிடுவதாகவும் அதன் கீழே எழுதியிருக்கும். விரலால் தொட்டதும் அது வாட்ஸ்அப்புக்கு அழைத்துச் செல்லும், அங்கே, "சொல்லுங்க அண்ணா, எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்று மரியாதையும் நயமும் கலந்த தமிழில் ஒருவர் விசாரிப்பார், விலைப்பட்டியல் வரும், பிள்ளைகள் கூடி உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள், பணம் அனுப்பப்படும். மறுநாள், சரக்கு லாரியில் ஏறிவிட்டதென்றும், ஜிஎஸ்டிக்காக இன்னும் எண்ணூறு ரூபாய் கட்டினால்தான் லாரி செட்டில் எடுத்துக்கொள்ள முடியுமென்றும் செய்தி வரும், அதுவும் கட்டப்படும். அதற்கடுத்த நாள் அந்த எண்ணில் மணி அடிக்காது. இணையதளமும் இருந்த இடம் தெரியாமல் மறைந்திருக்கும்.

இத்தகைய போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு 2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னரே பொதுமக்களை எச்சரித்தது. கோடிக்கணக்கில் பணம் பறிபோகும் பெரிய மோசடிகள் எத்தனையோ நாட்டில் நடக்கும்போது, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்ப் பட்டாசு விவகாரத்தை எடுத்துக்கொண்டு இவ்வளவு விஸ்தாரமாக எழுதுவானேன் என்று கேட்கலாம். இந்தச் சிறிய வஞ்சகத்துக்குள்ளே பெரிய வஞ்சகங்களின் அங்கங்கள் யாவும் அடங்கியிருப்பதும், நேர்மையான வியாபாரிகளும் சர்க்காரும் வங்கிகளும் வாங்குகிற நாமும் நம்மையறியாமல் இதற்கு எவ்விதம் இடங்கொடுக்கிறோம் என்பது இதில் தெளிவாகத் தெரிவதுமே காரணம்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று வரையறுத்ததோடு, மின்வணிகத் தளங்கள் எவையும் இணையவழியே பட்டாசுக்கான ஆர்டர்களை ஏற்கக் கூடாதென்றும் தடை விதித்தது. ஆகவே, "இங்கே சொடுக்கிப் பட்டாசு வாங்குங்கள்" என்று அழைக்கும் எந்தத் தளமும், அது சிவகாசியில் உண்மையாகவே கடை வைத்திருப்பவருடையதானாலும் சரி, தடையை மீறிய ஒன்றுதான். தீர்ப்பின் பாதியை, அதாவது நேரக் கட்டுப்பாட்டை, எல்லோரும் அறிவார்கள். மற்றப் பாதியை அறிந்தவர்கள் மிகச் சொற்பம். தபாலிலும் ரயிலிலும் வெடிபொருள் அனுப்பலாகாது என்பதால், "வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறோம்" என்ற வாக்குறுதி, சொன்ன மாத்திரத்திலேயே நம்மைச் சந்தேகிக்க வைத்திருக்க வேண்டிய ஒன்று.

ஆனால் நடைமுறை வேறு விதமாக இருக்கிறது. சிவகாசி வட்டாரத்தில் கடை நடத்துபவர்கள் பலர் விலைப்பட்டியலை மட்டும் இணையத்தில் வெளியிட்டு, வாங்குபவரின் விருப்பத்தை ஒரு விசாரணையாகப் பெற்றுக்கொண்டு, பிறகு தொலைபேசியில் பேசி, வங்கிக் கணக்கில் முன்பணம் வாங்கி, லாரி செட் மூலமாகச் சரக்கை அனுப்பி, வாங்குபவர் தம் ஊர்ப் பார்சல் ஆபீசிலே போய் எடுத்துக்கொள்ளச் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொன்ன சரக்கைச் சொன்னபடி அனுப்பும் நாணயஸ்தர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த காலத்திலிருந்து, மழை பொய்த்த அந்தக் கரிசல் சீமை தன் உழைப்பாலும் வாக்குச் சுத்தத்தாலும் சம்பாதித்த பெயர் அது. 'குட்டி ஜப்பான்' என்று நாடு முழுவதும் அழைக்கும் அளவுக்கு வளர்ந்த பெயர். அந்தப் பெயரைத்தான் இன்று ஊர் பேர் தெரியாத ஒருவன் தன் போலித் தளத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, ஒரு நூற்றாண்டு நம்பிக்கையை ஓர் இரவில் காசாக்கிக்கொள்கிறான்.

இங்கே அந்த வியாபாரிகளிடம் அன்போடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியலில் ஒரு விலையை உயர்த்தி அச்சிட்டு, அதன் மேல் எண்பது சதவிகிதம் தள்ளுபடி என்று எழுதும் வழக்கம் அந்தத் தொழிலிலே வேரூன்றிவிட்டது. வாங்குபவரும் விற்பவரும் அந்த எண்பது சதவிகிதத்தை ஒரு சம்பிரதாயமாகவே கருதி வந்தார்கள். இதன் பலன் என்னவாயிற்று? தொண்ணூறு சதவிகிதம் தள்ளுபடி என்று ஒரு மோசக்காரன் விளம்பரம் செய்தால், அது நம்பத்தகாததாக ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ரசீது இல்லாமல் முன்பணம் கேட்பது, தனிப்பட்டவர் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வது, எல்லாப் பேச்சையும் வாட்ஸ்அப்பிலேயே முடித்துக்கொள்வது ஆகிய யாவும் நேர்மையாளர் செய்துவந்த காரியங்களே ஆதலால், திருடன் அவற்றையே செய்யும்போது அவனை இனங்கண்டுகொள்ள வழியில்லாமற் போகிறது. நேர்மையாளர் நடந்து நடந்து தேய்த்து வைத்த ஒற்றையடிப் பாதையிலேதான் கள்வனும் நடந்து வருகிறான்.

பட்டாசுக்கு மட்டும் இந்த விதி என்று எண்ண வேண்டாம். பெரிய மின்வணிக நிறுவனங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நமக்கு என்ன பழக்கத்தை ஊட்டியிருக்கின்றன என்று சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. இன்னும் இரண்டே உருப்படிகள் பாக்கியிருப்பதாக ஓர் அறிவிப்பு மினுக்குகிறது. இதே பொருளை இந்த நிமிஷத்தில் இன்னும் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. இத்தகைய பொய் அவசரத்தை, 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை மயக்கும் 13 தந்திரங்களில் ஒன்றாகக் குறித்துத் தடை செய்திருக்கின்றன. தடை வந்தது நல்லதே. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையின் சுபாவமே மாறிவிட்டது. துணிக்கடையில் ஒரு புடவையை எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்துக் கடைக்கும் போய்வந்து, பேரம் பேசி வாங்கிய அதே தாய்மார்கள், கைபேசியில் முகமறியாத ஒருவனுக்குப் பணம் அனுப்புவதற்கு அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளாத நிலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் விவேகத்தை இழந்துவிடவில்லை. விவேகத்தைப் பிரயோகிக்கத் தேவையான அவகாசத்தை அவர்களிடமிருந்து முதலில் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன, பிறகு மோசக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தொலைபேசி வழியே நடக்கும் மோசடிகளிலும் பறிக்கப்படுவது முதலில் அவகாசமே. ஆசை இருந்த இடத்தில் அச்சம் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான் வேற்றுமை. "மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற குறுஞ்செய்தி எத்தனை வீடுகளுக்கு வந்திருக்கிறது! மின்கட்டண அட்டையும் கையுமாக இருக்கும் வீட்டில் அது பலிக்காது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, தனித்திருக்கும் முதியவர்களின் வீட்டில் அது பலித்துவிடுகிறது. உங்கள் பார்சல் முகவரி சரியில்லாமல் நிற்கிறது என்று தபால் துறையின் பெயரில் ஒரு செய்தி வருகிறது. கூரியர்க்காரன் என்று சொல்லிக்கொள்பவன், நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறான். அழுத்தினால், நமக்கு வரும் அழைப்புகள் அனைத்தும், வங்கி குரல்வழியே சொல்லும் ரகசிய எண்கள் உட்பட, அவன் கைபேசிக்குத் திரும்பிவிடும். இந்த உபாயம் மிகுந்து போனதால்தான், 2024 ஏப்ரல் 15 முதல் அவ்வகையில் அழைப்பைத் திருப்பும் வசதியையே நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

இவை எல்லாவற்றிலும் கொடியது 'டிஜிட்டல் கைது' என்னும் நாடகம். போலீஸ் உடையணிந்த ஒருவன் காணொளியில் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததென்றும், நீங்கள் இந்த நிமிஷம் முதல் கைதி என்றும், அறையை விட்டு எழுந்து போகவோ மனைவி மக்களிடம் பேசவோ கூடாதென்றும் மிரட்டி, சேமிப்பு முழுவதையும் 'சரிபார்ப்பதற்காக' ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்கிறான். நம் தேசத்துச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது என்பதைப் பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி தம் மாதாந்தர வானொலி உரையில் எடுத்துச் சொன்னார். அதன் பின்னும் அது ஓயவில்லை; தன் பெயரிலேயே போலி உத்தரவுகள் தயாரிக்கப்படுவதைக் கண்டு, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. யாரிடமும் பேசாதே என்று கட்டளையிடுவதே இந்த வஞ்சகத்தின் உயிர்நிலை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டால் உடைந்து போகும் மாயை ஆதலால், அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுக்காமல் இருப்பதற்காக அவன் மணிக்கணக்கில் காணொளியை அணைக்க விடாமல் உட்கார வைக்கிறான்.

நஷ்டத்தின் அளவைச் சொன்னால் நம்புவது கடினம். சைபர் மோசடிகளால் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023-இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-இல் சுமார் 22,845 கோடி ரூபாய் என்று 2025 ஜூலையில் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. ஓராண்டில் மூன்று மடங்கு. இது புகார் செய்தவர்களின் கணக்கு மட்டுமே என்பதையும், வெட்கத்தால் வாயடைத்துப் போனவர்களின் பணம் இதில் சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, அவகாசம் எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்த ஒருவர், அந்த அவகாசத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கூறுகிறேன். பட்டாசு உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், விற்பவரிடம் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைக் கேட்கலாம். பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்ட அதில் முதலிரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்குரியது 33. சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொள்பவரின் எண் வேறு இரண்டு இலக்கங்களில் தொடங்கினால், மேற்கொண்டு பேச வேண்டிய அவசியமே இல்லை. 33 என்றே தொடங்கினாலும், ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணை இட்டு, எந்தப் பெயருக்கு உரியது என்று பார்த்துவிடலாம். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும் கடைசி ஆறு குறிகள் கிளையையும் காட்டும். சிவகாசி வியாபாரியின் கணக்கு வடமாநிலத்து ஏதோ ஒரு கிளையில் இருக்க நேர்ந்த காரணம் என்ன என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. யுபிஐ மூலம் அனுப்பும்போது, ரகசிய எண்ணை இடுவதற்கு முன்பாகப் பெறுபவரின் வங்கிப் பெயர் திரையில் தோன்றுகிறது. அந்த ஒரு வரியைப் படிக்காமல் கடந்து போகிறவர்கள்தான் எத்தனை பேர்! கடைப் பெயருக்கும் அந்தப் பெயருக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லையென்றால், அங்கேயே நின்றுவிட வேண்டும். உண்மையான வியாபாரி சரக்கை ஏற்றியதும் எல்.ஆர். என்னும் லாரி ரசீதின் எண்ணைத் தருவார், லாரி செட்டுக்கு நாமே தொலைபேசி செய்து அதை விசாரித்துக்கொள்ளலாம்.

இணையதளத்தின் முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் நேர்மையானது என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையே பரவியிருக்கிறது. அந்தப் பூட்டு, நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. போலித் தளங்களும் சுலபமாகப் பூட்டைப் பெற்றுவிடுவதால் மக்கள் தவறான பொருள் கொள்கிறார்கள் என்றே, 2023-இல் கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. இதைவிடப் பிரயோஜனமான அடையாளம் வங்கிகளின் விஷயத்தில் கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் இறுதிக்குள் தங்கள் இணைய முகவரிகளை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டுமென்று இந்திய ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஆணையிட்டது. அந்த ஈறு இல்லாத முகவரியில் வங்கியின் பெயர் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் உள்ளே நுழையாதிருப்பது உத்தமம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரின் எண் 1600 என்று தொடங்குகிறதா என்றும் பார்க்கலாம்; வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்ட வரிசை அது. பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து 'மேலாளர்' பேசினால், வைத்துவிட்டுக் கிளைக்கு நாமே தொலைபேசி செய்ய வேண்டும். அந்த எண்ணைக்கூடத் தேடுபொறியில் தேடாமல், பாஸ் புத்தகத்திலிருந்தோ அட்டையின் பின்புறத்திலிருந்தோ எடுத்துக்கொள்ள வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண் கள்வன் வைத்த கண்ணியாக இருப்பதுண்டு.

ஒரு விஷயத்தைப் பாமரர்க்கும் படித்தவர்க்கும் சமமாக, நூறு தடவை ஆனாலும் திரும்பச் சொல்ல வேண்டும். யுபிஐ ரகசிய எண் என்பது பணம் கொடுப்பதற்கு உரியது. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படுவதில்லை. பழைய மேஜை நாற்காலியை விற்க விளம்பரம் செய்தவரிடம், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் முன்பணம் அனுப்புவதாகவும் கூறி, க்யூஆர் படம் ஒன்றை அனுப்பி அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடச் சொல்பவன், கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே எடுத்துக்கொள்கிறான். பார்சலைத் திருப்பியனுப்பியதற்குப் பணம் திரும்பி வரும் என்று சொல்லி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்பவனும் அதே ரகம். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்புகளைத் தொட்டால், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையே பிறன் படிக்கத் தொடங்கிவிடுவான். பத்திரிகை என்பது படமாக வரும், செயலியாக வராது.

இவ்வளவு எச்சரிக்கையையும் மீறி ஒருவர் ஏமாந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டத்தில்தான் நம் சமூகம் மிகப் பெரிய பிழை செய்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். கொடுக்குமுன் அவசரப்பட்ட மனிதர், இழந்த பின் தாமதிக்கத் தொடங்குகிறார். மனைவியிடம் எப்படிச் சொல்வது, மகன் என்ன சொல்வான், ஆபீசில் தெரிந்தால் சிரிப்பார்களே என்று இரண்டு நாள், மூன்று நாள் மனசுக்குள்ளேயே மருகுகிறார். போதாக்குறைக்கு, விஷயம் வெளிவந்ததும், "படித்தவர்தானே, இதுகூடத் தெரியாதா?" என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர், தாம் அறியாமலே அடுத்த ஏமாளியின் வாயையும் அடைத்துவிடுகிறார். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் வைத்தியர்களும் வங்கி அதிகாரிகளுமே ஏமாந்திருக்கும்போது, இதில் அறிவீனம் என்று பழிக்க என்ன இருக்கிறது? ஏமாற்றியவன் இருக்க ஏமாந்தவரைத் தலைகுனிய வைக்கும் வழக்கத்தை நாம் என்று விடுகிறோமோ, அன்றுதான் இந்தத் தொழிலின் மூலதனம் குறையும்.

தாமதம் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதற்குக் காரணம், பணம் பயணம் செய்யும் முறையில் இருக்கிறது. நாம் அனுப்பிய தொகை மோசக்காரனின் சொந்தக் கணக்குக்குப் போவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சிம்மையும் வாடகைக்குக் கொடுத்துவிட்ட யாரோ ஒரு கல்லூரி மாணவனின் அல்லது கூலித் தொழிலாளியின் கணக்குக்குப் போய், அங்கிருந்து இன்னும் பல கணக்குகளுக்குச் சிதறி, கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடுகிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தொலைபேசி செய்து, எந்த வங்கியிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று சொன்னால், அந்த விவரம் சம்பந்தப்பட்ட வங்கிக்குச் செல்கிறது. பணம் அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்கும் தொடர்கிறது. எங்கே இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே அது முடக்கி வைக்கப்படுகிறது. 2021-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் மூலம் 5,489 கோடி ரூபாய்க்கு மேல் காப்பாற்றப்பட்டிருப்பதாக அதே 2025 ஜூலையில் அரசு தெரிவித்தது. ஒரு மணி நேரத்துக்குள் சொன்னவருக்கும் ஒரு வாரம் கழித்துச் சொன்னவருக்கும் இதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தொலைபேசியில் இணைப்புக் கிடைக்காவிட்டால், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் பதியலாம். வங்கிக்கும் அதே வேளையில் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் போகாமல், சந்தேகத்துக்குரிய அழைப்பு மட்டும் வந்திருந்தால், 'சஞ்சார் சாத்தி' தளத்திலுள்ள 'சக்ஷு' பகுதியில் அதைத் தெரிவிக்கலாம். பொருள் கோளாறு, திருப்பித் தர மறுப்பு போன்ற உண்மையான கடைகளின் மீதான குறைகளுக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வங்கியின் பொறுப்பு எதுவரை என்ற கேள்வி இங்கே எழுகிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் குறையுமின்றி வாடிக்கையாளரின் குறையுமின்றி மூன்றாமவர் கைவரிசையால் நேர்ந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று கூறுகிறது. ஆனால் ரகசிய எண்ணை அவரே வெளியிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்றும் கூறுகிறது. மோசடி செய்தவனின் மிரட்டலில் நடுங்கிப்போய், தாமே தம் கையால் பணத்தை அனுப்பிய ஒரு மூதாட்டிக்கு இந்தச் சுற்றறிக்கையில் ஆறுதல் ஏதும் இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் வேறொரு நியாயம் அமலுக்கு வந்திருக்கிறது: வஞ்சிக்கப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுன் வரை ஈடு செய்ய வேண்டும், மிகக் கடுமையான அஜாக்கிரதை நிரூபிக்கப்பட்டாலன்றி மறுக்கலாகாது, அந்தச் செலவைப் பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஏற்க வேண்டும். பெற்ற வங்கியையும் பொறுப்பில் சேர்த்ததுதான் இதில் மிக முக்கியமான அம்சம். வாடகைக் கணக்குகளைக் கண்மூடித் திறந்துகொடுக்கும் வங்கிக்குத் தன் கையிலிருந்து பணம் போகும் என்ற பயம் இருந்தாலொழிய, கணக்குத் திறப்பவர் யார் என்று விசாரிக்கும் ஊக்கம் எங்கிருந்து வரும்? நம் நாட்டிலும் இதைப் போன்றதொரு விதி வர வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். அறுபது வயது கடந்தவர்கள் விரும்பிக் கேட்டால், முன்பின் அறியாத கணக்குக்கு அவர்கள் அனுப்பும் பெருந்தொகையைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்து அனுப்பும் வசதியை வங்கிகள் அளிக்கலாம். பணம் உடனே போய்ச் சேருவதையே பெருமையாகக் கொண்ட ஏற்பாட்டில், நிதானமாகப் போகும் வழி ஒன்றும் இருப்பது அவசியம்.

மறுமுனையில் பேசும் குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மியான்மாரில் குறைந்தபட்சம் 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைகளில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், எல்லை கடத்தி மியான்மாரின் மியாவாடியில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். வேலை தருவதாக அவர்களை ஏமாற்றியவர்களே அவர்களைக் கொண்டு பிறரை ஏமாற்றுகிறார்கள். ஆகவே, வெளிநாட்டு வேலைக்கான ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று சரிபார்ப்பதும், கணக்கை வாடகைக்குக் கொடுக்காதே என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்வதும், பட்டாசு வாங்குமுன் ஜிஎஸ்டி எண்ணைப் பார்ப்பதும் ஒரே தற்காப்பின் பகுதிகள்.

செய்ய வேண்டியவை இன்னும் சில உண்டு. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கும் சிவகாசி வியாபாரிகள், அதே நாளில், உரிமம் பெற்ற கடைகளின் பெயர், ஜிஎஸ்டி எண், பணம் பெறும் வங்கிக் கணக்கின் பெயர் ஆகியவை அடங்கிய பட்டியல் ஒன்றை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வெளியிடலாம். இணைய ஆர்டருக்குத் தடை இருக்கும் நிலையில், தொலைபேசியில் விசாரிப்பவருக்கு அது ஒன்றே தெளிவான சான்றாக இருக்கும். காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடும் சமூக ஊடக நிறுவனங்களோ, விளம்பரதாரரின் உரிமத்தைப் பாராமல் வெடிபொருள் விளம்பரத்தை ஏற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அந்த விளம்பரத்தால் நேர்ந்த நஷ்டத்தில் அவற்றுக்கும் பங்குண்டு என்று சட்டம் சொல்லும் காலம் வர வேண்டும்.

காவல் நிலையங்களிடம் ஒரு விண்ணப்பம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் 66-டி பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கிறது. நஷ்டம் இவ்வளவு இருந்தால்தான் அது செல்லும் என்று எந்த வரம்பும் அதில் இல்லை. பட்டாசுக்காக இரண்டாயிரம் ரூபாய் இழந்து வந்து நிற்கும் பெயிண்டரையோ தையற்காரியையோ, "இதற்கெல்லாமா புகார்?" என்று திருப்பி அனுப்பிவிட்டால், போவது அந்த இரண்டாயிரம் மட்டுமன்று. போலித் தளம் நடத்துபவன் ஒருவரிடம் இருபது லட்சம் எடுப்பதில்லை. ஆயிரம் பேரிடம் இரண்டிரண்டாயிரமாக எடுக்கிறான், சிறு தொகைக்கு எவரும் ஸ்டேஷன் படியேற மாட்டார்கள் என்ற தைரியத்திலேயே எடுக்கிறான். அந்த ஆயிரம் பேரில் நூறு பேரின் புகாராவது அதே கணக்கு எண்ணோடும் அதே கைபேசி எண்ணோடும் பதிவாகிவிட்டால், கோயம்புத்தூரிலும் தஞ்சாவூரிலும் வேலூரிலும் தனித்தனியாகக் கிடந்த சிறு சிறு நஷ்டங்கள் யாவும் ஒரே கூட்டத்தின் வேலை என்பது விசாரணை அதிகாரியின் மேஜையில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை முடக்கவும், அதைத் திறந்துகொடுத்த கிளையைக் கேள்வி கேட்கவும், அடுத்த தீபாவளிக்கு அதே கூட்டம் வேறு பெயரில் கடை விரிப்பதற்கு முன் அதன் வாசலுக்குப் போய் நிற்கவும் அப்போது வழி பிறக்கும்.